அறுபதடிச் சாலையைத் தேடி

ரங்கூனில் நகரத்துக்குப் பிளான் வரையும் எங்கள் ஆபீஸ் துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு ஊரில் ஏதாவது நல்ல காரியம் நடக்கிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டால் அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்வார். மதுரையில் நகரத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள், வீடு எங்கே, சாலை எங்கே, வயல் எதுவரை என்று அடுத்த முப்பது வருஷத்துக்கு வரைகிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் கண்ணாடிக்குக் கீழே போயிற்று. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். “நீ தமிழன்தானே, உன் ஊருக்குப் போய் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வா” என்றார்.

நான் பிறந்தது பர்மாவிலேயே, மோல்மேனில். என் தகப்பனார் பிறந்ததும் அங்கேதான். தமிழன் என்றால் எல்லாத் தமிழ் ஊரும் அவனுக்கு அடுத்த தெரு என்பது துரையின் எண்ணம். கப்பல் செலவு ஆபீஸுடையது என்பதால் நான் அதைத் திருத்தப் போகவில்லை. யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை இது.

முதல் நாள் காலை மதுரையில் இட்லி சாப்பிட்டேன். ரங்கூனில் எங்களுக்குக் காலை உணவு மொஹிங்கா, அதாவது மீன் குழம்பில் மிதக்கும் சேமியா. அதைப் போல உலகத்தில் இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்த நாக்கு இங்கே நாலாவது இட்லியில் கட்சி மாறியது. பரிமாறியவர், “இன்னும் ரெண்டு வைக்கவாண்ணே?” என்று கேட்டார். கேட்கும்போதே வைத்துவிட்டார். இந்த ஊரில் கேள்வி என்பது மரியாதைக்காக மட்டும் என்று தெரிந்துகொண்டு நகரத் திட்ட ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸ் ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. தலைமை டிராப்ட்ஸ்மேன் வேதமூர்த்தி வாசலுக்கே வந்து என்னை அழைத்துப் போனார். மெல்லிய குரல், சுத்தமான வேட்டி. பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது மாதம் என்பதை மூன்றாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். தாழ்வாரத்து பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யார் இவர்?” என்றேன்.

“மொக்கைச்சாமி. காளவாசல் பக்கத்து சம்சாரி, விவசாயம் பண்றவர். தினம் வருவார்.”

“எதற்கு வருகிறார்?”

“வருவார், சார்” என்றார் வேதமூர்த்தி.

எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு. மாடிப்படிக்குக் கீழே, குடையைக் கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பர்மியக் கிழவர். ஏழு வருஷமாக அவரைத் தாண்டித்தான் நான் மாடி ஏறுகிறேன். மேஜை, நாற்காலி, கிழவர் என்று சாமான்களோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டது. பெஞ்சுக்கு ஓர் ஆள் எல்லா ஊரிலும் உண்டு போலும் என்று நினைத்தபடி உள்ளே போனேன்.

புதுத் திட்டத்தை வேதமூர்த்தி விரித்துக் காட்டினார். பெரிய தாள். ஓரத்தில் இரட்டைக் கோட்டில் கரை. மேலே பூ வேலை செய்த தலைப்பு. மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு, மயில் தோகை மாதிரி. நடுவில் ஒன்றுமே இல்லை.

“அஞ்சு மாசமாப் போயிட்டிருக்கு. புதுப்பிக்கிறதுன்னா பழசைப் பார்த்துத்தானே சார் புதுப்பிக்கணும்? பழைய பிளானை எடுத்ததும் நடுவில் வரைஞ்சுடுவோம்” என்றார்.

பழைய பிளான் ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தன. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வைத்ததாம். அதைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன்.

“பூஜை போடுற பெட்டியை அனாவசியமா எதுக்கு சார் திறக்கணும்?” என்றார். சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்ப ஒரு குதிரை வண்டி பிடித்தேன். விடுதி மேல மாசி வீதியில், ஆபீஸ் வடக்கே. காலையில் ஐந்து நிமிஷத்தில் வந்த வழி. இப்போது வண்டி கிழக்கே போயிற்று, பிறகு தெற்கே போயிற்று, ஊர் முழுக்கச் சுற்றி முக்கால் மணி கழித்து மேற்கே வந்தது.

“நேரே திரும்பியிருந்தால் அப்போதே வந்திருக்கலாமே” என்றேன்.

“அது வலம் வந்து பழகுன குதிரைண்ணே. அப்பிரதட்சிணமா ஒரு அடி வைக்காது. அடிச்சுப் பாத்துட்டேன், படுத்துக்கிரும்” என்றார் வண்டிக்காரர். குதிரைக்குத் தெரிந்த நகரத் திட்டம் அது ஒன்றுதான், ஆனால் அதைக் கரைத்துக் குடித்திருந்தது.

ரங்கூனில் தெருக்களுக்கு எண். என் தெரு முப்பத்தெட்டு என்றால், முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவில் என்று குழந்தையும் சொல்லும். மதுரையில் தெருக்களுக்கு மாதங்களின் பெயர். ஆடிக்கு வெளியே சித்திரை, சித்திரைக்கு வெளியே ஆவணி, ஆவணிக்கு வெளியே மாசி. பஞ்சாங்கமும் பார்க்காமல் எவனோ கலைத்துப் போட்டிருக்கிறான் என்று முதலில் தோன்றியது. சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகு, கோயிலை நடுவில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் போட்ட அந்த மனிதனுக்கு எங்கள் துரையின் சம்பளத்தைப்போல் இரண்டு பங்கு கொடுக்கலாம் என்று பட்டது.

இரண்டாம் நாள் வேதமூர்த்தி என்னைத் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப் போனார். மலையடிவாரத்தில் நின்று வயல்களைப் பார்த்துக் கையை வீசி, “முப்பது வருஷத்துல ஊர் இதுவரைக்கும் வந்துரும் சார்” என்றார். வயலில் இருந்த கொக்குகள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பீரோவை எப்போது திறப்போம் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை இரும்பைத் திறப்பதில்லை என்றார். அன்று செவ்வாய்க்கிழமைதான்.

திரும்பி வந்தபோது மொக்கைச்சாமி பெஞ்சை விட்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

“அய்யா, ரங்கூன்ல இருந்து வந்திருக்கீகளாமே. ஒண்ணு கேக்கலாமா?”

கேளுங்கள் என்றேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நிலத்தில் சங்கிலி போட்டு அளந்தார்களாம். மேற்கே போகும் அறுபதடிச் சாலை அதன் வழியாகப் போகிறது, அனுமதியில்லாமல் வீடு கட்டக் கூடாது என்று சொல்லி முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்களாம். அப்போதுதான் அவர் வீடு கட்டச் செங்கல் வாங்கி இறக்கியிருந்தார்.

“முளைக்குச்சி இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து ஒதுங்கிக் கட்டலாமே?”

“அது எங்க இருக்கு? ஆட்டக் கட்டி ஆட்டக் கட்டி ஆடிப்போச்சு. மழையில மிச்சமும் போச்சு. கெணத்துக்கு அங்கிட்டா இங்கிட்டான்னு எனக்கே மறந்துபோச்சு.” செங்கல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “ரோடு வேணாம்னு நான் சொல்லலங்க. எங்கிட்டுப் போகுதுன்னு கையக் காட்டச் சொல்லுங்க. மிச்ச எடத்துல நான் கட்டிக்கிறேன். அம்புட்டுத்தான். எட்டு வருசமா ‘திட்டத்துல இருக்கு’ன்னே சொல்றாக. அந்தத் திட்டத்த ஒருதரம் கண்ணுல காட்ட மாட்டேங்கறாக.”

செங்கல் எதற்கு என்று கேட்டேன். “வாங்கியாச்சுன்னு நம்பணும்ல” என்றார்.

மூன்றாம் நாள் அவர் நிலத்தைப் பார்க்க பஸ்ஸில் போனேன். பாதி வழியில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. கண்டக்டர் வண்டிக்குள் தலையை நீட்டித் தண்ணீர் கேட்டார். யாரிடமும் இல்லை. ஓர் அம்மாளின் மடியில் மட்டும் மோர்ப் பானை இருந்தது. எல்லாருடைய கண்ணும் அதன் மேல் விழுந்தது.

“இது மக வீட்டுக்குக் கொண்டுபோற மோரு. எஞ்சினுக்குத் தாகம்னா வைகையில போய்க் கேளு” என்றாள் அவள்.

“வைகையில தண்ணி இருந்தா நான் ஏன் உங்கிட்ட கேக்குறேன், ஆத்தா?” என்றார் கண்டக்டர். கடைசியில் நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அந்த அம்மாள் மட்டும் பானையோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், அவளுக்காகவே தள்ளியது போல ஆயிற்று. ரங்கூனில் டிராம் நின்றுபோனால் ஆளுக்கொரு பக்கம் கலைந்துபோவோம். இங்கே காளவாசல் வருவதற்குள் இருபது பேருக்கு என் சம்பளமும் நட்சத்திரமும் தெரிந்துவிட்டது.

காளவாசல் என்றால் செங்கல் சூளை. பெயருக்கேற்பச் சூளைகள் வரிசையாக நின்றன. அவற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் மொக்கைச்சாமியின் நிலம். நடுவில் கிணறு, ஓரத்தில் ஓலைக் குடிசை. குடிசையை ஒட்டி ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்தது. இடுக்குகளில் புல் முளைத்து, மேலே ஓர் ஓணான் காவல் இருந்தது. வேகவைத்த செங்கல்லை மலைபோல வைத்துக்கொண்டு ஓலைக்கடியில் குடியிருக்கும் குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் மனைவி பேச்சியம்மாள் கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்தாள். குடிசைக்குள் மகள் பிரசவித்துப் படுத்திருந்தாள். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்.

“போன வருசம் சூளைக்குத் தீ மூட்டையில பொறி பறந்து விழுந்து பாதிக் கூரை போச்சு” என்றாள் பேச்சியம்மாள், கூரையின் கருகிய மூங்கிலைக் காட்டி. “அப்ப நாங்க ரெண்டு பேருதான், ஓடிட்டோம். இந்த வருசம் பச்சப்புள்ள இருக்கு. இன்னும் பத்து நாள்ல மூட்டுவாக. ஒரு நாலு சுவரும் மேல ஓடும் போதும் தம்பி எங்களுக்கு.”

இரண்டாவது சட்டி கூழை அதற்குமேல் என்னால் குடிக்க முடியவில்லை. ஆபீஸில் கோடு என்பது எங்களுக்குக் கோடுதான். அதன் மறுமுனையில் பிள்ளை பெற்ற ஒருத்தி படுத்திருப்பாள் என்று எந்த ஸ்கேலும் காட்டியதில்லை.

சாப்பிட்ட வீட்டுக் குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்காமல் ஊர் திரும்புவது முறையில்லை. நாலாம் நாள் ஒரு சட்டை வாங்கலாம் என்று பழைய ஊருக்குள் பள்ளிவாசல் பக்கம் தையற்கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனேன். பளபளவென்று தொங்கிய ஒரு பட்டுச் சட்டையைக் கேட்டேன்.

“பொறந்து எத்தனை நாளு?”

“பதிமூன்று.”

“அப்ப புதுசு போடப்படாது தம்பி. பச்சப்புள்ளைக்குப் பழந்துணிதான் போடணும், மெத்துனு. ஆனா எவன் வீட்டுப் பழசோ போட முடியுமா? அதுக்குன்னே ஒரு துணி வச்சிருக்கேன். பழசு, ஆனா யாரும் உடுத்தாதது” என்றபடி பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துப் போட்டார்.

கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிளான் வரையும் டிரேசிங் துணி அது. நல்ல பருத்தித் துணியில் கஞ்சி ஏற்றி, கண்ணாடி மாதிரி தேய்த்திருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மையும் போய், மல் துணியை மிஞ்சிய மெல்லிய துணி நிற்கும். உலகத்தில் இந்த ரகசியம் டிராப்ட்ஸ்மேன்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மட்டும் தெரியும். யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேனே, அப்போது என் சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையே ரங்கூன் நாற்பத்தேழாவது தெருச் சாக்கடைப் பிளான்தான். ஏழு வருஷத்துக்கு முன், வேண்டாத நகல் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போனது.

“எங்கே கிடைத்தது பாய்?”

“ஆறு வருசம் முந்தி, அந்த பிளான் போடுற ஆபீஸ் இடம் மாறுச்சுல்ல, அப்ப கழிவுன்னு ஒரு கட்டுக் குடுத்தாங்க. வச்சு வச்சுத் தைக்கிறேன். இதுதான் கடேசி. மாஷா அல்லா, என்னா துணி. சிவப்பு மை மட்டும் போக மாட்டேங்குது, அதான் வெலை கொறைச்சுத் தாரேன்.”

சட்டையின் முதுகை விரித்தேன். வெளிறிய ரோஜா நிறத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். வெளிச் சதுரத்திலிருந்து இரட்டைக் கோடு ஒன்று மேற்கே புறப்பட்டுப் போயிற்று. மதுரையின் முப்பது வருஷ எதிர்காலத்தை, இரண்டு முடிச்சுக் கயிறோடு, காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் அந்தச் சட்டையை வேதமூர்த்தியின் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, தானாகவே போய் பீரோவைத் திறந்தார். உள்ளே அழகாகச் சுருட்டிக் கட்டிய பிளான்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘ரத்து’ என்று முத்திரை. அசலைக் கழிவென்று கொடுத்துவிட்டு, கழிவுக்கு ஆறு வருஷம் பூஜை போட்டிருக்கிறார்கள்.

“மனசுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துது சார்” என்றார் மெதுவாக. “திறந்தா நிச்சயமாயிடும். ஒன்பது மாசம்தான் பாக்கி.” கண் கலங்கியிருந்தது. என் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கப் போய், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன்.

“போனது போகட்டும். சிவப்புக் கோடு தெரிகிறது. வெளியே இருப்பவருக்கு அவர் நிலத்தில் எங்கே போகிறதென்று காட்டிவிடுங்கள்” என்றேன்.

வேதமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டின் மேல் விரலை வைத்து மேற்கே நகர்த்தினார். வெளி வீதி தாண்டியது, ரயில் பாதை தாண்டியது, காளவாசலை நெருங்கியது. அங்கே விரல் துணியை விட்டு வெளியே வந்துவிட்டது. கை நுழைப்பதற்காகக் காதர் பாய் வட்டமாக வெட்டிய இடம் அது.

மொக்கைச்சாமியை உள்ளே கூப்பிட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் செங்கல்லைக் கீழே வைத்தார். சட்டையை எடுத்து, அந்தத் துவாரத்துக்குள் நாலு விரலை விட்டுப் பார்த்தார்.

“என் நெலம் இதுக்குள்ளயா இருந்துச்சு?”

ஆமாம் என்றேன்.

“அப்ப நான் கட்டிக்கிறலாமா?”

வேதமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்து உத்தியோகம் அவர் குரலுக்குத் திரும்பிவிட்டது. “பிளான்லேயே இல்லாத நிலத்துக்கு நான் எப்படி அனுமதி கொடுக்க முடியும்?” என்றார்.

நான் கோபத்தில் ஏதோ பேச வாயெடுத்தேன். மொக்கைச்சாமி கையமர்த்தினார். “விடுங்க தம்பி. இத்தன நாளா உள்ள ஒரு திட்டம் இருக்குன்னுல்ல பயந்துக்கிருந்தேன்” என்றார். சட்டையை மடித்து மடியில் செருகிக்கொண்டு, செங்கல்லையும் எடுத்துக்கொண்டு, “வாரேன்” என்று போய்விட்டார். பெஞ்ச் காலியானது. வேதமூர்த்தி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலை காளவாசலுக்கு விடைபெறப் போனேன். ஓணானைக் காணவில்லை. செங்கல் அடுக்கு பாதி குறைந்திருந்தது. அஸ்திவாரக் குழிக்குள் மூன்று ஆட்கள் நின்றார்கள். வேப்பமரத்துத் தொட்டிலில் குழந்தை மாசி வீதிகளை முதுகில் போட்டுக்கொண்டு தூங்கியது. கிணற்றுக்கு வடக்கே நல்ல மேட்டு நிலம் முழுவதையும் காலியாக விட்டுவிட்டு, தெற்கு ஓரத்துப் பள்ளத்தில் வீட்டை நெருக்கிப் பிடித்திருந்தார் மொக்கைச்சாமி.

“மேட்டில் கட்டியிருக்கலாமே? அதுதான் கோடு இல்லை என்று ஆகிவிட்டதே” என்றேன்.

“கோடு இல்லாட்டி ரோடு வேணாமா தம்பி? நீங்க வந்த பஸ் நாளைக்கு எதுல வரும்?” என்றார். “அறுபதடி. நானே காலால அளந்து விட்டுருக்கேன். ரெண்டடி கூடவே இருக்கும்.”

 அப்போது ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வேதமூர்த்தி சங்கிலியோடும் இரண்டு ஆட்களோடும் இறங்கினார். வேலையை நிறுத்த வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், காலியாக விட்ட இடத்தில் சங்கிலியைப் போட்டு அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டார்.

“அறுபத்திரண்டு அடி. இதை வச்சு ரெண்டு பக்கமும் நீட்டிட்டா மேற்குப் பகுதி முடிஞ்சுது சார்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப வீடு ரோட்டுல படல. அனுமதி கொடுக்கலாம்” என்றார். பேச்சியம்மாள் அவருக்கும் ஒரு சட்டி கூழ் கொண்டுவந்து வைத்தாள்.

மதுரையில் நகரத் திட்டத்தைப் புதுப்பிக்கும் முறையை இவ்வாறாக நான் கற்றுக்கொண்டேன். துரைக்கு எழுதிய அறிக்கையில், ‘பொதுமக்களின் ஒத்துழைப்போடு’ என்று ஒரு வரியில் அடக்கிவிட்டேன். அவர் அதற்குக் கீழே நீலப் பென்சிலால் கோடு போட்டு, மிகவும் நல்லது என்று எழுதினார்.

ரங்கூன் திரும்பிய முதல் நாள் ஆபீஸ் படியேறப் போனேன். கிழவர் அங்கேயே இருந்தார், குடையோடு. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பயந்து போய் நகர்ந்து இடம் விட்டார். எதற்காக வருகிறீர்கள் என்று பர்மிய பாஷையில் கேட்டேன். வீட்டுப் பின்சுவர் இடிந்து கிடக்கிறது, கட்டவேண்டும், அந்தப் பக்கம் சாக்கடை வருவதாகச் சொல்கிறார்கள், அதன் பிளானைக் காட்டச் சொல்லி வருகிறேன் என்றார்.

“எந்தத் தெரு?”

“நாற்பத்தேழு” என்றார்.

வெயில் கூட இல்லை. ஆனாலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. முகத்தைத் துடைக்கக் கை தானாகப் பைக்குள் இருந்த கைக்குட்டைக்குப் போயிற்று. பிறகு அதை வெளியே எடுக்கவில்லை.